ரோஸ்மேரியின் தங்கை

கென்னடி என்ற பெயரைத் தம் பிள்ளைக்குச் சூட்டி மகிழ்ந்த பெற்றோர் நம் தமிழ்நாட்டிலும் உண்டு. அமெரிக்காவின் முதல் கத்தோலிக்கக் குடியரசுத் தலைவர் மீது அக்காலத்தில் நம்மவர் கொண்டிருந்த பாசம் அத்தகையது. ஆனால் இம்மலரில் நாம் சொல்ல விரும்புவது அவருடைய கதையை அன்று. அவருடைய தங்கை யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் அம்மையாரின் கதையை.

யூனிஸ் 1921-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 10-ஆம் நாள் மாசசூசெட்ஸ் மாநிலத்துப் புரூக்லைனில் பிறந்தார். ஒன்பது குழந்தைகளில் ஐந்தாமவர். லண்டனிலும் அமெரிக்காவிலும் திரு இருதய சபைக் கன்னியரிடம் கல்வி பயின்றார். செல்வத்துக்கும் செல்வாக்குக்கும் குறைவில்லாத வீடு. ஆனால் தந்தையார் ஜோசப் கென்னடிக்குத் தம் பிள்ளைகள் எதிலும் முதலாவதாக வரவேண்டும். இரண்டாம் இடம் என்பது அவ்வீட்டில் தோல்விக்குச் சமம்.

அந்த வீட்டில்தான் ரோஸ்மேரியும் வளர்ந்தாள். யூனிஸுக்கு மூன்று வயது மூத்தவள். நடக்கவும் எழுதவும் படிக்கவும் மற்றப் பிள்ளைகளைவிடத் தாமதமாகவே கற்றாள். மனவளர்ச்சி குன்றியவர் என்று முன்பு சொல்லப்பட்டு, இன்று அறிவுசார் குறைபாடுடையோர் என்று மரியாதையுடன் அழைக்கப்படுவோருள் அவளும் ஒருத்தி. கோடை விடுமுறைகளில் ஹயானிஸ் போர்ட் கடலில் பாய்மரப் படகுப் போட்டி நடக்கும். யூனிஸ் தம் படகில் அக்காளையும் ஏற்றிக்கொள்வார். பாயின் கயிற்றை இழு என்றால் ரோஸ்மேரி இழுப்பாள். விடு என்றால் விடுவாள். இருவரும் சேர்ந்து நீந்துவர், டென்னிஸ் ஆடுவர். அக்காள் நன்றாக ஆடக்கூடியவள் என்பது தங்கைக்குச் சிறுவயதிலேயே தெரிந்திருந்தது.

பிறகு நடந்ததை எழுதக் கை தயங்குகிறது. வளர்ந்த பின் ரோஸ்மேரிக்குக் கோபமும் கலக்கமும் மிகுந்தன. 1941-ஆம் ஆண்டு, அவளுக்கு 23 வயதில், மூளையில் ஓர் அறுவைச் சிகிச்சை செய்ய தந்தையார் ஏற்பாடு செய்தார். அக்காலத்து மருத்துவர் சிலர் அதைப் பெரிதும் நம்பினர். அது படுதோல்வியில் முடிந்தது. ரோஸ்மேரி நடையையும் பேச்சையும் இழந்தாள். 1949 முதல் விஸ்கான்சின் மாநிலத்தில் பிரான்சிஸ்கன் கன்னியர் நடத்திய புனித கோலெட்டா இல்லத்தில் வாழ்ந்தாள். குடும்பத்தார் பல ஆண்டுகள் அவளைப் பற்றி வெளியில் வாய் திறக்கவே இல்லை.

பக்தி நிறைந்த ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தைப் பற்றி இதையெல்லாம் ஏன் எழுத வேண்டும் என்று சிலர் கேட்கலாம். விருந்தாளி வந்ததும் பின்கட்டுக்கு அனுப்பப்படும் பிள்ளைகள் நம் தெருக்களிலும் இருக்கிறார்களே! அதனால்தான் எழுதுகிறோம்.

யூனிஸ் 1943-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பட்டம் பெற்றார். பெண்கள் சிறையொன்றில் சமூகப் பணி செய்தார். சிகாகோ நகரில் நல்லாயன் சபைக் கன்னியரின் இல்லத்தில் ஆதரவற்ற பெண்களுக்குத் தொண்டாற்றினார். 1953-ல் சார்ஜென்ட் ஷ்ரைவரை மணந்து ஐந்து குழந்தைகளுக்குத் தாயானார். போரில் மாண்ட மூத்த அண்ணனின் பெயரால் குடும்பத்தார் நிறுவியிருந்த அறக்கட்டளையின் பொறுப்பு 1950-களின் பிற்பகுதியில் அவர் கைக்கு வந்தது. அதன் பொருட்டு அவர் பல காப்பகங்களை நேரில் சென்று பார்த்தார். எங்கும் நெரிசல், துர்நாற்றம்; செய்வதற்கு ஒன்றுமின்றி நாள் முழுதும் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள். அண்ணன் குடியரசுத் தலைவரானதும் அவரை வற்புறுத்தி 1961-ல் இதற்கென ஒரு நிபுணர் குழுவை அமைக்கச் செய்தார். 1962 செப்டம்பரில் ஒரு பிரபல வார இதழில், தம் அக்காளின் குறைபாட்டைப் பற்றித் தாமே வெளிப்படையாக எழுதினார். நாட்டையே ஆளும் குடும்பத்திலும் அப்படி ஒரு பிள்ளை உண்டு என்று அறிந்தபோது எத்தனை தாய்மார் ஆறுதல் அடைந்திருப்பர்!

அவ்வாண்டு ஜூன் மாதமே வேறொன்றும் நடந்திருந்தது. தன் குழந்தையை எந்தக் கோடை முகாமும் சேர்த்துக்கொள்ள மறுக்கிறது என்று ஒரு தாய் தொலைபேசியில் முறையிட்டாள். அப்படியானால் என் வீட்டுக்கு அழைத்து வாருங்கள் என்றார் யூனிஸ். மேரிலாந்தில் இருந்த அவருடைய வீட்டுத் தோட்டத்தில் சுமார் 35 பிள்ளைகள் கூடினர். அடிபடும், மூழ்கிப்போவார்கள் என்று அறிந்தவர்கள் அஞ்சினர். உயர்நிலைப்பள்ளி, கல்லூரி மாணவ மாணவியர் துணைக்கு வந்தனர். ஆம், நம் வயதுப் பிள்ளைகள்தாம்! ஏறத்தாழ ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு தோழனோ தோழியோ வாய்த்தனர். நீச்சல், பந்தாட்டம், குதிரையேற்றம் எல்லாம் நடந்தன. யூனிஸ் அம்மையாரும் தண்ணீரில் இறங்கிச் சொல்லிக்கொடுத்தார். அவருடைய சொந்தக் குழந்தைகளும் அக்கூட்டத்தில் விளையாடினர்.

இதைப் படித்தபோது நமக்குச் சற்று வெட்கமாகத்தான் இருந்தது. நாமும் ஆண்டுதோறும் விளையாட்டு விழாவுக்குச் சிறப்புப் பள்ளிப் பிள்ளைகளை அழைக்கிறோம்; முன்வரிசையில் அமர்த்தி இனிப்பு கொடுக்கிறோம்; அவர்கள் கைதட்ட, நாம் ஓடுகிறோம். நம் எறிபந்துக் குழுவில் ஒருத்தியைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

தோட்டத்தில் தொடங்கியது ஆறே ஆண்டுகளில் அரங்கத்துக்கு வந்தது. சிகாகோவின் உடற்பயிற்சி ஆசிரியை ஆன் பர்க், தம் நகரத்துப் பிள்ளைகளுக்காக ஒரு போட்டி நடத்தப் பண உதவி கேட்டு வந்தார். யூனிஸ் அதை நாடு தழுவிய விழாவாக்கச் சொன்னார். 1968 ஜூலை 20-ஆம் நாள் சோல்ஜர் ஃபீல்டு அரங்கில் முதல் சிறப்பு ஒலிம்பிக் போட்டி நடந்தது. அவருடைய தம்பி ராபர்ட் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டு ஏழு வாரங்கூட ஆகவில்லை. துக்க வீட்டைக் காரணம் காட்டி அவர் ஒதுங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். சுமார் ஆயிரம் பேர் போட்டியிட வந்தனர்; பார்வையாளர் இருக்கைகளோ ஏறக்குறைய வெறுமையாகக் கிடந்தன. வெற்றியைத் தா, அது கிட்டாவிட்டால் முயல்வதற்குத் துணிவைத் தா என்ற பொருளில் ஓர் உறுதிமொழியை அவர் முன்வைத்தார். இன்றுவரை போட்டியாளர்கள் அதைச் சொல்லியே களம் இறங்குகின்றனர்.

இது வெறும் இரக்கத்துக்காக நடத்தும் பந்தயம் என்று சிலர் எண்ணுவது தவறு. வயதிலும் திறமையிலும் ஏறக்குறைய ஒத்தவர்களையே ஒரு பிரிவில் சேர்ப்பார்கள். அதனால் அங்கே வெற்றி உண்மையான வெற்றி. தோற்றால் அழுகையும் உண்டு. ஆனால் இவர்களுக்கென்று தனி விளையாட்டு வைத்தால் மீண்டும் தனிமைப்படுத்துவது ஆகாதா? அந்தக் கேள்வியில் நியாயம் இருப்பதாகவே நாம் கருதுகிறோம். 1980-களின் இறுதியில் தோன்றிய ஒருங்கிணைந்த விளையாட்டுகள் அதற்கு ஒருவகையில் விடை தந்தன: குறைபாடுடையோரும் இல்லாதோரும் ஏறக்குறைய சம எண்ணிக்கையில் ஒரே அணியில், ஒரே சீருடையில் ஆடுவர். 2023-ல் பெர்லினில் நடந்த உலகப் போட்டியில் நம் இந்திய அணி 202 பதக்கங்களை வென்றது. நாளிதழ்களில் அதைக் கண்டவர் நம்மில் எத்தனை பேர்?

யூனிஸ் அம்மையாருக்கு விருதுகள் பல வந்தன. 1984-ல் தம் நாட்டின் சுதந்திரப் பதக்கமும், 2006-ல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் அளித்த புனித பெரிய கிரகோரியார் விருதும் அவற்றுள் சில. முதுமையிலும் திருப்பலியையும் செபமாலையையும் அவர் விடவில்லை.

ரோஸ்மேரி பிற்காலத்தில் மறைக்கப்பட்டவளாக இருக்கவில்லை. தங்கை வீட்டுக்கு வருவாள்; குடும்பத்தாரோடு பந்தியில் அமர்வாள். 2005 ஜனவரி 7-ஆம் நாள் தம் 86-ஆம் வயதில் அவள் கண்மூடியபோது யூனிஸ் பக்கத்தில் இருந்தார். நான்கு ஆண்டுகளுக்குப் பின், 2009 ஆகஸ்டு 11-ஆம் நாள், 88-ஆம் வயதில் யூனிஸும் இறைவனடி சேர்ந்தார். அவர் உயிர் பிரிந்தது ஹயானிஸில். அக்காளும் தங்கையுமாகப் பாய்மரப் படகு ஓட்டிய அந்தக் கடற்கரையில்தான்.