48 லட்சம் ஆய்வுக் கட்டுரைகளை டவுன்லோடு செய்த இளைஞர்... யார் இந்த ஆரோன் ஸ்வார்ட்ஸ்?

ஆய்வுக் கட்டுரைகளை டவுன்லோடு செய்ததற்காக ஒருவருக்கு 35 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை கிடைக்குமா? அமெரிக்காவில் 24 வயது இளைஞர் ஒருவர் மீது 2011-ல் அப்படித்தான் வழக்குப் பாய்ந்தது. விசாரணை தொடங்கும் முன்பே அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர்தான் ஆரோன் ஸ்வார்ட்ஸ்.

சின்ன வயசுலயே சாதனை

1986 நவம்பர் 8-ம் தேதி பிறந்த ஆரோன், சிகாகோ அருகே உள்ள ஹைலேண்ட் பார்க்கில் வளர்ந்தவர். அப்பா சாஃப்ட்வேர் நிறுவனம் நடத்தியவர் என்பதால், வீட்டில் கம்ப்யூட்டருக்குப் பஞ்சமில்லை. யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்ற கலைக்களஞ்சிய இணையதளம் ஒன்றை உருவாக்கி, 13 வயதில் பரிசு வாங்கினார். விக்கிப்பீடியா தொடங்கப்பட்டது அதற்குப் பிறகுதான்.

பல தளங்களின் புதிய பதிவுகளை ஒரே இடத்தில் படிக்க உதவும் ஆர்எஸ்எஸ் தொழில்நுட்பத்தின் 1.0 வடிவத்தை எழுதிய குழுவில் இடம்பிடித்தபோது அவருக்கு வயது 14. அடுத்ததாக, கிரியேட்டிவ் காமன்ஸ். படைப்பாளியே முன்வந்து தன் படைப்பைப் பிறர் பயன்படுத்த அனுமதி தரும் உரிம முறை இது. இதன் தொழில்நுட்பப் பகுதியிலும் ஆரோனின் பங்கு உண்டு.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்து ஓராண்டிலேயே படிப்பை விட்டார். அவரது நிறுவனம் ரெடிட்டுடன் இணைந்தது. 2006-ல் ரெடிட் விற்கப்பட்டபோது கையில் நல்ல பணம் வந்தது. ஆனால் கார்ப்பரேட் வேலை அவருக்குப் பிடிக்கலை. சில மாதங்களிலேயே வெளியே வந்துவிட்டார்.

கோர்ட் ஆவணத்துக்குக் கட்டணமா?

அமெரிக்க மத்திய நீதிமன்றத் தீர்ப்புகளுக்குப் பதிப்புரிமை, அதாவது காப்பிரைட் கிடையாது. ஆனாலும் அவற்றை ஆன்லைனில் பார்க்க, அப்போது பக்கத்துக்கு 8 சென்ட் கட்ட வேண்டும். 2008-ல் சில நூலகங்களில் சோதனை முறையில் இலவச வசதி தரப்பட்டது. அதைப் பயன்படுத்தி சுமார் 27 லட்சம் ஆவணங்களை டவுன்லோடு செய்து பொதுவில் கிடைக்கச் செய்தார் ஆரோன். எஃப்பிஐ விசாரித்தது. ஆனால் வழக்கு எதுவும் போடவில்லை.

வயரிங் அறையில் லேப்டாப்

அடுத்தது ஜேஸ்டோர். பல லட்சம் ஆய்வுக் கட்டுரைகள் கொண்ட கட்டண டிஜிட்டல் நூலகம் இது. 2010 செப்டம்பரில் எம்ஐடி பல்கலைக்கழக நெட்வொர்க் வழியாக அதிலிருந்து கட்டுரைகளை மொத்தமாக டவுன்லோடு செய்யத் தொடங்கினார். ஜேஸ்டோர் கண்டுபிடித்துத் தடுக்க, அவர் வேறு வழி தேட, கடைசியில் ஒரு வயரிங் அறையில் லேப்டாப்பை மறைத்துவைத்து வேலையைத் தொடர்ந்தார். 48 லட்சம் கட்டுரைகள் வரை சேர்ந்துவிட்டன. 2011 ஜனவரி 6-ம் தேதி கைது செய்யப்பட்டார்.

ஃபைல்களைத் திருப்பிக் கொடுத்ததும் ஜேஸ்டோர் ஒதுங்கிக்கொண்டது. ஆனால் அரசுத் தரப்பு விடவில்லை. ஃபைல் ஷேரிங் தளங்களில் இவற்றைப் பரப்புவதே அவர் திட்டம் என்று குற்றம்சாட்டியது. உண்மையில் ஒரு கட்டுரைகூட அவர் வழியாக வெளியே வரவில்லை.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், பதிப்புரிமை மீறல் என்று ஒரு குற்றச்சாட்டுகூட அவர் மீது இல்லை. மோசடி, அனுமதியின்றி கம்ப்யூட்டரில் நுழைந்தது ஆகியவைதான் வழக்கு. அதற்குப் பயன்பட்ட கம்ப்யூட்டர் மோசடிச் சட்டம் வந்ததும் அவர் பிறந்த 1986-ல்தான்.

சோபா மசோதாவுக்கு எதிரான போராட்டம்

வழக்கு நடக்கும்போதே இன்னொரு போராட்டத்தில் முன்னணியில் நின்றார் ஆரோன். சோபா, பிபா என்ற 2 மசோதாக்கள் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு வந்தன. குறி, பைரேட் பே போன்ற வெளிநாட்டுத் தளங்கள்.

இந்தத் தளங்கள் எப்படி இயங்குகின்றன? படமோ பாட்டோ அவற்றின் சர்வரில் இருக்காது. எந்த ஃபைலை எப்படித் தேடிப் பெறலாம் என்ற குறிப்பு மட்டுமே இருக்கும். ஃபைல் என்னவோ பயனாளர்களின் கம்ப்யூட்டர்களில்தான். நாங்கள் வெறும் அட்டவணைதான் என்று அவர்கள் வாதாடுவதும் இதனால்தான். ஸ்வீடன் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மீறலுக்கு உதவுவதும் குற்றம் என்று 2009-ல் பைரேட் பேயுடன் தொடர்புடைய 4 பேருக்கு தலா ஓராண்டு சிறை விதித்தது.

உழைத்து எடுத்த படம் ஓசியில் போனால் நஷ்டம் யாருக்கு என்ற திரைத்துறையின் கேள்வி நியாயமானதுதான். ஆனால் சில லிங்க்குகளுக்காக ஒரு தளத்தையே முடக்கவும், தேடுபொறியிலிருந்து நீக்கவும் வழி செய்வது பேச்சுரிமையையே பாதிக்கும் என்பது எதிர்ப்பாளர்களின் வாதம். 2012 ஜனவரி 18-ம் தேதி ஆங்கில விக்கிப்பீடியா, ரெடிட் உள்ளிட்ட தளங்கள் இருளில் மூழ்கின. 2 நாட்களில் மசோதாக்கள் கிடப்பில் போடப்பட்டன.

சோக முடிவு

அதே ஆண்டு செப்டம்பரில் ஆரோன் மீதான குற்றச்சாட்டுகள் 4-லிருந்து 13 ஆக உயர்ந்தன. குற்றத்தை ஒப்புக்கொண்டால் சில மாத சிறையோடு முடித்துக்கொள்ளலாம் என்று அரசுத் தரப்பு பேரம் பேசியது. அவர் மறுத்துவிட்டார். 2013 ஜனவரி 11-ம் தேதி, நியூயார்க் வீட்டில் இறந்து கிடந்தார். வயது 26. மூன்றே நாளில் வழக்கு கைவிடப்பட்டது.

அடுத்த மாதமே, அரசு நிதியில் நடக்கும் ஆய்வுகளின் முடிவுகளை ஓராண்டுக்குள் மக்கள் இலவசமாகப் படிக்க வழி செய்யுமாறு அமெரிக்க வெள்ளை மாளிகை உத்தரவிட்டது. பிரச்சனை இன்னும் தீர்ந்தபாடில்லை. ஆய்வுக் கட்டுரைகளை இலவசமாகத் தரும் சைஹப், லிப்ஜென் தளங்கள் மீது பெரிய பதிப்பகங்கள் 2020-ல் வழக்குத் தொடர்ந்தது டெல்லி உயர் நீதிமன்றத்தில்தான். மக்கள் வரிப்பணத்தில் நடந்த ஆய்வைப் படிக்க மக்களே மறுபடியும் பணம் கட்ட வேண்டுமா என்று ஆரோன் எழுப்பிய கேள்வி, இப்போது நம்ம ஊர் நீதிமன்றம் வரை வந்திருக்கிறது.

(தற்கொலை எந்தப் பிரச்சனைக்கும் தீர்வல்ல. மன அழுத்தம் இருந்தால் தமிழக அரசின் 104 உதவி எண்ணை அழைத்துப் பேசலாம்.)