பிரெடரிக் டக்ளஸ் சொன்ன சாட்சியம்

தேச விஷயத்தைப் பற்றி இரண்டு மணி நேரம் தங்குதடையின்றிப் பிரசங்கம் செய்கிற ஊழியர்கூட, தாம் பட்ட அவமானத்தைச் சபையில் சொல்லும்படி கேட்டால் நாவெழாமல் நின்றுவிடுவதை நாம் கண்டிருக்கிறோம். அதில் பரிகசிப்பதற்கு ஒன்றுமில்லை. அமெரிக்காவின் மகா பிரசங்கிகளுள் ஒருவரான பிரெடரிக் டக்ளஸும் ஒரு நாள் அப்படித்தான் நின்றார்.

1841-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம், மாஸச்சூஸெட்ஸைச் சேர்ந்த நான்டக்கெட் என்னும் தீவில் அடிமை ஒழிப்பாளர் மகாநாடு ஒன்று கூடிற்று. வேடிக்கை பார்க்க வந்தவரைப் போல ஓரமாக உட்கார்ந்திருந்தார் இருபத்து மூன்று வயதுக் கறுப்பு இளைஞர் ஒருவர். முன்பு நியூ பெட்போர்டில் தம் இனத்தார் கூட்டத்தில் அவர் பேசியதைக் கேட்டிருந்த அன்பர் ஒருவர், இங்கும் பேச வேண்டுமென்று வற்புறுத்தினார். எழுந்தார். எதிரே வெள்ளை முகங்கள். கைகால் நடுங்கிற்று; இரண்டு வாக்கியங்களைச் சேர்த்துச் சொல்ல முடியவில்லை. ஆயினும் உட்காரவில்லை. தட்டுத்தடுமாறித் தம் அடிமை வாழ்வைச் சொல்லி முடித்தார். அடுத்துப் பேசிய காரிஸன் என்னும் தலைவர், அந்த இளைஞரின் கதையையே பொருளாகக் கொண்டு சபையைக் கொந்தளிக்கச் செய்தார்.

அந்த நடுக்கம் வெறும் சபைக் கூச்சமன்று. 1818-இல் மேரிலாந்தில் அடிமையாய்ப் பிறந்தவர் அவர். பால்டிமோரில் எஜமானி சொல்லிக் கொடுத்த எழுத்தை எஜமானன் தடுத்துவிட, தெருப் பிள்ளைகளுக்கு ரொட்டி கொடுத்துப் படிப்பைத் தொடர்ந்தார். 1838 செப்டம்பர் 3-ஆம் தேதி மாலுமி வேஷத்தில், பிறருடைய அடையாளச் சீட்டுடன் ரயிலேறித் தப்பினார். பெய்லி என்ற பெயரை விட்டு டக்ளஸ் ஆனார். நியூ பெட்போர்டில் பித்தளைப் பட்டறைத் துருத்தியை இழுத்துக்கொண்டே, எதிர்த் தூணில் ஆணியடித்து மாட்டிய பத்திரிகையைப் படித்தார். (பத்திரிகை நடத்துவோருக்கு இதைவிட வேறென்ன கௌரவம் வேண்டும்?) ஆனால் 1793-ஆம் வருஷத்துச் சட்டப்படி, எந்த மாகாணத்தில் ஒளிந்திருந்தாலும் எஜமானன் வந்து பிடித்துப் போகலாம். வெள்ளையனுக்கு எதிராகக் கறுப்பன் சொல்லும் சாட்சியத்தை மேரிலாந்து நீதிஸ்தலம் ஏற்காது. அப்படிப்பட்டவர் வாய் திறந்தால், அது தமக்கு விரோதமாகத் தாமே சொல்லும் சாட்சியமாகத்தான் முடியும்.

சங்கத்தார் அவரைப் பிரசாரகராக அமர்த்தினர். ஊர் ஊராய்ச் சென்றதில் அச்சம் தெளிந்தது, பேச்சும் செழித்தது. அப்போது புதிதாக ஒரு சங்கடம் முளைத்தது. இவ்வளவு நன்றாகப் பேசுகிறவன் அடிமையாய் இருந்திருக்க முடியாதென்று ஜனங்கள் சந்தேகித்தனர். எஜமானன் பெயரையும் ஊரையும் அவர் மறைத்தது சந்தேகத்தை வளர்த்தது. கதையை மட்டும் சொல், தத்துவத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்ற தோரணையில் புத்தி சொன்னார்கள் சிநேகிதர்கள். பேச்சில் கொஞ்சம் அடிமை வாடை இருக்கட்டும் என்றுகூட யோசனை கூறினார்கள்! நல்லெண்ணம் படைத்தவர்களும் பிறர் துயரைத் தங்கள் உடைமைபோல் பாவிப்பதுண்டு.

டக்ளஸ் அதற்கு இணங்கவில்லை. 1845-இல் தம் சரித்திரத்தை நூலாக எழுதி, எஜமானர்களையும் சவுக்கெடுத்தவர்களையும் பெயர் சொல்லி அச்சிட்டார். தப்பிய வழியை மாத்திரம் சொல்லவில்லை. சொன்னால் பின்னால் வருகிறவர்களுக்கு அந்தக் கதவு அடைபடும். அடிமை முறை ஒழிந்து பல வருஷங்கள் கழித்து, 1881-இல் வெளியிட்ட நூலில்தான் அதை விவரித்தார்.

பெயர்கள் வெளிவந்தபின் அமெரிக்காவில் இருப்பது அபாயமாயிற்று, பிரிட்டனுக்குக் கப்பலேறினார். அங்குள்ள அன்பர்கள் 150 பவுன் திரட்டி, 1846-இல் எஜமானனிடமிருந்து அவருக்கு விடுதலைப் பத்திரம் பெற்றுத் தந்தனர். மனிதனை விலைக்கு வாங்குவதை ஒப்புக்கொள்ளலாமா என்று ஒழிப்பாளரிற் சிலர் ஆட்சேபித்தார்கள். பிடிபடும் பயத்தில் ஒரு நாளேனும் உறங்கியறியாதவர்களின் ஆட்சேபம் அது. 1847-இல் திரும்பி வந்து ராச்செஸ்டரில் சொந்தப் பத்திரிகை தொடங்கினார்.

1877-இல் பழைய எஜமானன் தாமஸ் ஆல்ட் மரணப் படுக்கையிலிருந்து ஆளனுப்பினார். டக்ளஸ் சென்றார். தம் பாட்டியை ஆல்ட் கைவிட்டதாக நூலில் எழுதியது பிசகென்று நேரில் ஒப்புக்கொண்டார். அடிமையாய் வைத்திருந்ததை அவர் மன்னித்ததாகக் கொள்ள வேண்டாம். பிழையான ஒரு குற்றச்சாட்டைத் திருத்தினார், அவ்வளவே. கிழவருடைய கைகள் வாதத்தால் ஓயாமல் நடுங்கிக்கொண்டிருந்தன. அதைக் கண்டதும், முப்பத்தாறு வருஷங்களாக மேடைகளில் முழங்கிய டக்ளஸுக்குச் சற்று நேரம் பேச்சே வரவில்லை.