உட்லண்ட்ஸ் கிருஷ்ண ராவ்

நான் பூனாவுக்கு வேலையாக வந்தது 1974-ல். ராஸ்தா பேட்டையில் அறை எடுத்துத் தங்கியிருந்த பிரம்மசாரி நாட்களில், ஞாயிற்றுக்கிழமை டிபன் பெர்குசன் கல்லூரி சாலை வைசாலியில்தான். அந்த ஹோட்டலுக்கு முதலில் மெட்ராஸ் ஹெல்த் ஹோம் என்று பெயராம். நடத்தியவர்களோ தென் கன்னடத்துக்காரர்கள். உடுப்பிக் கைப்பக்குவத்துக்கு மெட்ராஸ் என்ற பெயர் ஏன் என்று யோசித்தால் எனக்குக் கிருஷ்ண ராவ்தான் நினைவுக்கு வருவார்.

உடுப்பிப் பக்கம் கடந்தலெ என்ற கிராமத்தில் 1898-ல் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். படிப்பு அதிகம் இல்லை. மடத்தில் எடுபிடி வேலை பார்த்துவிட்டு, 1920-களில் சென்னை வந்து ஹோட்டல் சமையற்கட்டில் சேர்ந்தார். ஜார்ஜ் டவுன் ஆச்சாரப்பன் தெருவில் இருந்த சிறிய ஹோட்டலை அவருடைய முதலாளியே அவருக்குத் தவணையில் விற்றார். கையில் காசு இல்லாதவனை நம்பிக் கடையைக் கொடுக்க வேண்டுமானால் அவனிடம் எதையோ பார்த்திருக்க வேண்டும். பிறகு மவுண்ட் ரோடில் உடுப்பி ஸ்ரீகிருஷ்ண விலாஸ். 1938-ல் ராயப்பேட்டையில் ராமநாதபுரம் ராஜாவின் பங்களாவைக் குத்தகைக்கு எடுத்தார். அந்த பங்களாவின் பெயர்தான் உட்லண்ட்ஸ். 1952-ல் எட்வர்ட் எலியட்ஸ் ரோடில் நியூ உட்லண்ட்ஸ். டில்லி அங்கத்தினர்களுக்கு லோதி ஹோட்டல் உட்லண்ட்ஸ் நினைவிருக்கும். இப்போது அந்தப் பழைய கட்டிடமே இல்லை.

அந்தக் காலத்துச் சென்னை ஹோட்டல்கள் பலவற்றில் பிராமணர்களுக்கென்று தனி இடம் இருந்தது. நாம் அதை மறைக்க வேண்டியதில்லை. 1962-ல் கதீட்ரல் ரோடில் அவர் திறந்த டிரைவ்-இன் அப்படியல்ல. மரத்தடியில் காரை நிறுத்தினால் தட்டு ஜன்னலுக்கே வரும். கார் இல்லாதவர்களும் உள்ளே போய் உட்கார்ந்து ஒரு காபியை வைத்துக்கொண்டு அரை நாள் பேசலாம். மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகள், சினிமாக்காரர்கள், வரன் பேச வந்த பெரியவர்கள் எல்லோருக்கும் அதுதான் ஆபீஸ்.

என் தகப்பனார் ஆயுள் முழுவதும் வெளியில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவர். 1987-ல் பக்கவாதம் வந்து வலது கால் இழுத்துக்கொண்டது. அடுத்த வருஷம் லீவில் சென்னை போனபோது, வீட்டுக்குள்ளேயே கிடந்தவரை அத்திம்பேரின் அம்பாசடரில் ஏற்றிக் காற்று வாங்க அழைத்துப் போனோம். டிரைவ்-இன்னில் நிறுத்தியது அத்திம்பேரின் யோசனை. படியேற வேண்டாம், ஒருவர் தோளைப் பிடிக்க வேண்டாம், பத்துப் பேர் பார்க்க வேண்டாம். ஜன்னலில் தட்டை மாட்டிவிட்டுப் போனார்கள். அப்பா வெகுநேரம் வெளியே மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடது கையால் ரவா தோசையை விண்டு வாயில் போட்டுக்கொண்டார். இடது கையால் சாப்பிட வேண்டியிருந்ததில்தான் அவருக்கு வெட்கம், ஹோட்டலில் சாப்பிட்டதில் இல்லை என்று அம்மா பிற்பாடு சொன்னாள். காபியை முழுக்கக் குடித்தார். 1989-ல் அப்பா போனார். மறு வருஷம் கிருஷ்ண ராவும் காலமானதைப் பேப்பரில் பார்த்தேன். ஒருமுறையாவது நேரில் போய் நமஸ்காரம் செய்திருக்கலாம்.

டிரைவ்-இன் இருந்தது அரசு நிலம். குத்தகைத் தகராறு கோர்ட்டுக்குப் போய் 2008-ல் மூடினார்கள். 2010-ல் அங்கே செம்மொழிப் பூங்கா வந்தது. மறு வருஷம் நானும் என் அகத்துக்காரியும் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனோம். பெரிய மரங்கள் பலவற்றை வெட்டாமல் விட்டிருந்தார்கள். கார் நின்றது எந்த மரத்தடியில் என்று இருவரும் தேடினோம். அவள் ஒன்றைக் காட்டினாள், நான் வேறொன்றைக் காட்டினேன். பிறகு ஆட்டோ பிடித்து நியூ உட்லண்ட்ஸில் காபி சாப்பிட்டுவிட்டு ரயிலுக்குக் கிளம்பினோம்.