வாரந்தோறும் வளர்ந்த கதை

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

கட்டுரை எழுதச் சொன்னால் எங்கள் தமிழாசிரியை முதலில் ரஃப் நோட்டில் எழுதச் சொல்வார். அதை ஒரு முறை திருத்திக் கொடுப்பார். அதன் பிறகே ஃபேர் நோட்டில் எழுத அனுமதி. இந்தக் கட்டுரையையே நான் மூன்று முறை அடித்து எழுதினேன். ஆனால் ரஃப் நோட்டே இல்லாமல், எழுதியதை எழுதியபடியே ஊரெல்லாம் படிக்கக் கொடுத்த ஒரு பெரியவர் நம் தமிழ்நாட்டில் இருந்தார். அவர்தாம் அமரர் கல்கி.

அவரை எனக்கு அறிமுகம் செய்தது வடபழனியில் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கும் ஒரு தகரப் பெட்டி. அதில் ஐந்து தடித்த புத்தகங்கள் உள்ளன. அவை கடையில் வாங்கியவை அல்ல. வடபழனி வயலும் தோப்புமாக இருந்த காலத்தில் என் கொள்ளுப்பாட்டி 'கல்கி' வார இதழிலிருந்து 'பொன்னியின் செல்வன்' தொடர்கதையின் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்தவை. தாள்கள் பழுத்துவிட்டன, தொட்டால் ஓரம் உதிர்கிறது. ஓவியர் மணியம் வரைந்த படங்கள் மட்டும் இன்றும் கண்ணைப் பறிக்கின்றன.

கல்கியின் இயற்பெயர் கிருஷ்ணமூர்த்தி. 1899-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள், அன்றைய தஞ்சை மாவட்டத்தில் மாயூரத்துக்கு அருகிலுள்ள புத்தமங்கலம் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் இராமசாமி ஐயர், கிராமக் கணக்கர். திருச்சியில் படித்துக் கொண்டிருந்தபோது, எஸ்.எஸ்.எல்.சி. தேர்வுக்குச் சில மாதங்களே இருந்த நிலையில், 1921-இல் காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுப் பள்ளியை விட்டு வெளியேறினார். மறு ஆண்டே ஓராண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். (இதை வீட்டில் சொன்னபோது என் தந்தையார் சற்றே கலவரத்துடன் என்னைப் பார்த்தார். எனக்கு அப்படி ஓர் எண்ணமும் இல்லை!)

சிறையிலிருந்து வந்தவருக்குத் திரு. வி. க. அவர்களின் 'நவசக்தி'யில் உதவியாசிரியர் வேலை கிடைத்தது. பிறகு திருச்செங்கோட்டுக் காந்தி ஆசிரமத்தில் இராஜாஜிக்குத் துணையாக 'விமோசனம்' என்னும் மதுவிலக்கு இதழில் பணிபுரிந்தார். அதன்பின் 'ஆனந்த விகடன்' ஆசிரியரானார். தலையங்கம், நகைச்சுவைக் கட்டுரை, 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் இசை, நாட்டிய விமரிசனம் என்று எல்லாவற்றையும் அவரே எழுதினார். தொடர்கதை அவருக்கு முழுநேர வேலையாக ஒருநாளும் இருந்ததில்லை. மற்ற வேலைகளுக்கு நடுவில்தான் அது வளர்ந்தது.

'தியாக பூமி' இன்னும் வேடிக்கையானது. 1938-39-இல் கதை விகடனில் வாராவாரம் வந்து கொண்டிருக்க, ஒரு புறம் அதைத் திரைப்படமாகவும் எடுத்துக் கொண்டிருந்தார்கள். படத்தின் காட்சிகளே கதைக்குப் படங்களாக அச்சாயின.

1941-இல் விகடனை விட்டு விலகி மீண்டும் சிறை சென்று திரும்பியதும், நண்பர் சதாசிவத்துடன் சேர்ந்து 'கல்கி' வார இதழைத் தொடங்கினார். அதற்கான பணத்துக்காகத்தான் எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையார் 'சாவித்திரி' படத்தில் நாரதராக நடித்தார்.

புது இதழில்தான் அவருடைய சரித்திரக் கதைகள் பிறந்தன. முதலில் 'பார்த்திபன் கனவு'. அதில் நரசிம்ம பல்லவர் வயது முதிர்ந்தவராக வருகிறார். அதை எழுதி முடித்த பிறகுதான், அதே மன்னரின் இளமைக் காலத்துக்குத் திரும்பிப் போய் 'சிவகாமியின் சபத'த்தை எழுதினார். அதாவது, பின்னால் நடந்த கதை முதலிலும் முன்னால் நடந்த கதை பிறகும் வந்தன. சிவகாமியின் கதைக்கு வித்து, ரசிகமணி டி. கே. சி.யுடன் மாமல்லபுரக் கடற்கரையில் அமர்ந்திருந்தபோது விழுந்ததாம். பல ஆண்டுகள் மனத்திலே சுமந்த பின்னரே 1944-இல் அதை எழுதத் தொடங்கினார். அவருக்கு மனம்தான் ரஃப் நோட்டாக இருந்தது போலும்!

'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபர் 29-இல் தொடங்கி 1954 மே 16-இல் முடிந்தது. ஐந்து பாகங்கள், 293 அத்தியாயங்கள், நூற்றெண்பதுக்கும் மேற்பட்ட வாரங்கள். இதற்காகக் கல்கி வரலாற்று ஆசிரியர்களின் நூல்களைக் கற்றார். ஓவியர் மணியத்தையும் அழைத்துக் கொண்டு ஊர் ஊராகச் சென்று கோயில்களையும் சிற்பங்களையும் பார்த்தார். இலங்கைக்கும் போய் வந்தார். காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கோயிலில் ஒரு கல்வெட்டு உண்டு. ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் உறவினரது உடைமைகளைப் பறிமுதல் செய்த செய்தி அதில் இருக்கிறது. சில வரிகளே உள்ள அந்தச் செய்தியைச் சுற்றித்தான் இத்தனை பெரிய மாளிகை எழுந்தது. வந்தியத்தேவன் வரலாற்றில் இருப்பவன். குந்தவையின் கணவன் என்று கல்வெட்டில் பெயர் வருகிறது. நந்தினியும் பூங்குழலியும் கல்கியின் கற்பனையில் உதித்தவர்கள். எனக்கென்னவோ வரலாற்றில் இல்லாத அந்த இருவர்தாம் மற்ற எல்லாரையும் விட உயிரோடு நடமாடுகிறார்கள்.

தோழியரே, வார இதழில் எழுதுவது எவ்வளவு கடினம் என்று சற்றே எண்ணிப் பாருங்கள். முதல் பாகத்தில் ஒருவனுக்கு ஒரு பெயரையோ ஒரு தழும்பையோ கொடுத்துவிட்டால், மூன்றாம் ஆண்டில் அதை மாற்ற முடியாது. படித்தவர்கள் பல்லாயிரம் பேர். பைண்டு செய்து வைத்திருப்பவர்கள் வேறு! நாம் ரஃப் நோட்டில் செய்வது போல் பத்தாம் பக்கத்துக்குத் திரும்பிச் சென்று அடிக்க அவருக்கு வழியில்லை. எழுதியது எழுதியதுதான். அதனால்தான் அவர் அடிக்கடி வாசகர்களை அழைத்து முன்கதையை நினைவூட்டுகிறார். புத்தகமாகச் சேர்த்துப் படிக்கும்போது நமக்கு அது சில இடங்களில் அலுப்பாக இருக்கலாம். ஏழு நாள் காத்திருந்து படித்தவர்களுக்கு அது தேவைப்பட்டது.

கதை அவர் கையை மீறி வளர்ந்ததோ என்றும் எனக்கு ஓர் ஐயம். முதல் நான்கு பாகங்களில் 57, 53, 46, 46 என்று அத்தியாயங்கள் செல்கின்றன. ஐந்தாம் பாகத்தில் மட்டும் 91. அத்தனை எழுதியும் முடிவு சட்டென்று வந்துவிட்டதாக வாசகர்கள் குறைப்பட்டுக் கொண்டார்கள். யார் யாருக்கு என்ன ஆயிற்று என்று அவர்கள் கேட்ட கேள்விகளுக்காகக் கல்கி ஒரு முடிவுரை எழுதி, ஒவ்வொருவருடைய பிற்கால வரலாற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. கரிகாலனைக் கொன்றது யார் என்பதை மட்டும் அவர் திட்டமாகச் சொல்லவே இல்லை. 2022-லும் 2023-லும் இக்கதை திரைப்படமாக வந்தபோது எங்கள் வகுப்பிலேயே இதற்காக இரு கட்சிகள் உண்டாகி, இரண்டு நாள் பேச்சு வார்த்தை நின்றது.

எனக்கு மணிமேகலையின் முடிவுதான் தாங்கவில்லை. அவளைக் காப்பாற்றியிருக்கலாம். இதைச் சொன்னபோது என் பாட்டி சிரித்தார். அதே குறையைத் தம் தாயாரும் சொன்னாராம்.

கதை முடிந்து ஏழு மாதங்கள்கூட நிறையவில்லை. நோயுற்றிருந்த கல்கி 1954 டிசம்பர் 5-இல், தம் ஐம்பத்தைந்தாம் வயதில், சென்னையில் காலமானார். நாட்டுப் பிரிவினைக் காலத்தைப் பற்றிய 'அலை ஓசை' நாவலுக்குச் சாகித்திய அகாதெமி பரிசு 1956-இல் கிடைத்தபோது அதைப் பெற்றுக் கொள்ள அவர் இல்லை. கட்டை விரலால் ஏட்டைப் புரட்டி, நிதானமாக உட்கார்ந்து, அவ்வளவு பெரிய சோழர் கதையை அவர் மறுபடி படித்துத் திருத்தியிருந்தால் எதை நீக்கியிருப்பார், எதைச் சேர்த்திருப்பார்? மணிமேகலை பிழைத்திருப்பாளோ?

அவர் மறைந்தபோது 'அமர தாரா' என்னும் புதிய நாவல் பாதியில் நின்றது. அடுத்து என்ன என்று வாசகர்கள் காத்திருந்தார்கள். அதை எழுதி முடித்தவர் பெயர் பெற்ற எழுத்தாளர் எவருமல்லர். கல்கியின் மகள் ஆனந்தி. தந்தை விட்டுச் சென்ற குறிப்புகளைத் துணையாக வைத்துக் கொண்டு அவர் எழுதினார். தந்தை இறந்த துயரம் ஒரு பக்கம். தமிழ்நாடே போற்றிய எழுத்தைத் தொடர வேண்டிய பாரம் மறு பக்கம். முதல் வரியை எழுத அந்தப் பெண் பேனாவைத் திறந்தபோது கை நடுங்கியிருக்காதா?

அந்தக் கதையின் பைண்டு எங்கள் தகரப் பெட்டியில் இல்லை. எலி கடித்துவிட்டதோ என்று பாட்டியிடம் கேட்டேன். இல்லையாம். கொள்ளுப்பாட்டி 'அமர தாரா'வை ஒரு வாரம் விடாமல் கடைசி வரை படித்தாராம். ஆனால் கல்கி இறந்த செய்தி வந்த பிறகு, எந்த இதழிலிருந்தும் பக்கங்களைப் பிரித்தெடுக்க அவருக்கு மனம் வரவில்லையாம்.