மைக்கல் டன்: வரையறையை மீறிய நடிகர்

திரையுலகம் உயரம் குன்றிய நடிகர்களுக்கு நெடுங்காலமாக ஒதுக்கி வந்தவை பெரும்பாலும் கோமாளி வேடங்களும் மாயக்கதைப் பாத்திரங்களுமே. அந்த வரையறைக்குள் அடங்க மறுத்தவர் அமெரிக்க நடிகர் மைக்கல் டன்.

1934இல் ஒக்லஹோமா மாநிலத்தில் பிறந்த அவரின் இயற்பெயர் கேரி நீல் மில்லர். எலும்பு வளர்ச்சியைப் பாதிக்கும் பிறவிக் குறைபாட்டினால் அவரது உயரம் நான்கு அடியை எட்டவில்லை. ஆயினும் பல்கலைக்கழகக் கல்வி பெற்று, நியூயோர்க் நாடக மேடையில் கால்பதித்தார். 1964இல் டொனி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார்.

1965இல் வெளியான, ஸ்டான்லி கிராமரின் 'ஷிப் ஒஃப் ஃபூல்ஸ்' திரைப்படமே அவரை உலகறியச் செய்தது. 1933இல் ஜேர்மனி நோக்கிச் செல்லும் கப்பலே கதைக்களம். கப்டனின் உணவு மேசையில் இடம் மறுக்கப்பட்ட யூத வணிகரும் டன் ஏற்ற குளோக்கன் என்ற பாத்திரமும் தனிமேசையில் அமர்த்தப்படுகின்றனர். ஒதுக்கப்பட்ட அந்தக் குளோக்கனே பார்வையாளரை நோக்கிப் பேசிப் படத்தைத் தொடக்கியும் முடித்தும் வைக்கிறார். சிறந்த துணை நடிகருக்கான ஒஸ்கார் பரிந்துரை அவரைத் தேடி வந்தது.

'த வைல்ட் வைல்ட் வெஸ்ட்' தொலைக்காட்சித் தொடரில் கூர்மதி படைத்த வில்லன் டொக்டர் லவ்லெஸ்ஸாகவும் அவர் புகழ்பெற்றார். எனினும் பின்னாளில் அவருக்குக் கிடைத்தவற்றுள் பல மலிவான திகில் படங்களே. 1973 ஓகஸ்டில், படப்பிடிப்புக்காகச் சென்றிருந்த லண்டனில், 38ஆவது வயதில் காலமானார்.

திறமை நிரூபிக்கப்பட்ட பின்னரும் உருவமே அளவுகோலாக நீடித்தது. அதனால் கலையுலகும் இழந்தது என்பதையே அவரது வாழ்வு உணர்த்துகின்றது.