மேடம் க்யூரியின் மாணவப் பருவம்

ரேடியத்தைக் கண்டுபிடித்து உலகப் பிரசித்தி பெற்ற மேடம் க்யூரி அம்மையார் 1867-ம் வருஷம் போலந்து தேசத்து வார்ஸா நகரில் பிறந்தார். அந்நகரம் அப்போது ருஷ்யச் சக்கரவர்த்தியின் ஆளுகையில் இருந்தது. பள்ளிகளில் அந்நிய பாஷையே போதனா பாஷை. ஸர்வகலாசாலையிலோ ஸ்திரீகளுக்கு இடமில்லை. ஆகவே சில வருஷங்கள் பிறர் வீட்டுக் குழந்தைகளுக்குப் போதித்து, தமக்கையின் வைத்தியப் படிப்புக்குப் பணம் உதவியபின், 1891-ம் வருஷம் நவம்பரில் தாமும் பாரிஸ் போய்ச் சேர்ந்தார்.

முதலில் தமக்கையின் வீட்டிலிருந்து ஸோர்போன் கலாசாலைக்குக் குதிரை பூட்டிய ஆம்னிபஸ்ஸில் ஒரு மணி நேரப் பிரயாணம். ஆசிரியர்கள் வேகமாய்ப் பேசிய பிரெஞ்சு சரிவர விளங்கவில்லை. கணிதப் பயிற்சியும் போதவில்லை. காலம் வீணாகாதிருக்கக் கலாசாலைக்கு அருகே மேல்மாடி அறையொன்றில் குடியேறினார். குளிர்காலத்தில் அங்கே பாத்திரத்து ஜலம் உறைந்துவிடும். உள்ள உடைகளையெல்லாம் போர்வைமேல் போட்டுக்கொண்டு உறங்குவார். பெரும்பாலும் ரொட்டியும் தேநீருமே ஆகாரம். ஆயினும் 1893-ல் பௌதிகப் பரீட்சையில் முதலாவதாகவும், 1894-ல் கணிதத்தில் இரண்டாவதாகவும் தேறினார்.

1898-ல் கணவருடன் கண்டுபிடித்த முதல் மூலகத்துக்கு, தேசப்படத்தில் அன்று இடமற்றிருந்த தாய்நாட்டின் பெயரால் பொலோனியம் என்று நாமகரணம் செய்தார். கடல் கடந்து கற்கச் செல்லும் நம் வாலிபர்கள் இதை மறவாதிருக்க வேண்டுகிறோம்.