மொலோகாய்த் தீவின் தொண்டர்

பொதுஜனத் தொண்டர்களை மதிப்பிடுவதற்கு உரைகல் ஒன்று உண்டு. தாம் யாருக்காக உழைக்கிறாரோ அந்த ஜனங்களைக் குறிப்பிடும்பொழுது ஒரு தொண்டர் ‘அவர்கள்’ என்று சொல்லுகிறாரா, ‘நாம்’ என்று சொல்லுகிறாரா என்பதே அது. முதற்சொல்லில் இரக்கம் இருக்கலாம். இரண்டாவதில்தான் அன்பு இருக்கிறது. அன்பில்லாது செய்யப்படும் ஈகையும் தியாகமுங்கூடப் பயனற்றவை என்று கிறிஸ்து மதத்தின் ஆதி ஆசாரியருள் ஒருவரான பவுல் போதித்தார். அப்போதனையைத் தம் உடலிலேயே மெய்ப்பித்துக் காட்டிய டாமியன் பாதிரியாரின் சரித்திரத்தை நமது நேயர்களுக்கு இன்று எடுத்துரைக்க விரும்புகிறோம்.

பெற்றோர் அவருக்கு இட்ட பெயர் ஜோசப் டி வூஸ்டர். 1840-ம் வருஷம் ஜனவரி மாதம் 3-ந் தேதி பெல்ஜியம் தேசத்தில் திரெமெலோ என்னும் கிராமத்தில் பிறந்தார். தகப்பனார் பயிர்த்தொழிலோடு தானிய வியாபாரமும் செய்துவந்தவர். மகன் தமது வியாபாரத்துக்குத் துணையாவான் என்று எண்ணியிருந்தார். மகனுடைய நாட்டமோ வேறாயிருந்தது. தமையனார் முன்னரே சேர்ந்திருந்த துறவிகள் சபையில் 1859-ல் தாமும் சேர்ந்து டாமியன் என்ற பெயர் பூண்டார். பசிபிக் சமுத்திரத்திலுள்ள ஹவாய்த் தீவுகளுக்குச் செல்லுமாறு நியமிக்கப்பெற்ற தமையனார் விஷஜுரத்தால் படுக்கையில் விழுந்தார். உடனே டாமியன் பாரிஸ் நகரிலிருந்த சபைத் தலைவருக்குத் தாமே எழுதி, அவருக்குப் பதிலாகத் தம்மை அனுப்பும்படி வேண்டிக்கொண்டார். அனுமதியும் கிடைத்தது. 1864 மார்ச் 19-ல் ஹானலூலுவில் கரையிறங்கி, சுமார் இரண்டு மாதத்தில் குருப்பட்டம் பெற்றார். பின்னர் ஒன்பது வருஷகாலம் ஹவாய்ப் பெருந்தீவில் மலையும் பள்ளமும் ஏறியிறங்கி, சுதேச பாஷையைக் கற்று, தச்சுவேலையையும் தம் கையாலேயே செய்து கோயில்கள் கட்டிவந்தார்.

அக்காலத்தில் ஹவாய் சுதேச மன்னரின் ஆட்சியிலிருந்தது. அந்நியக் கப்பல்களோடு வந்த வியாதிகளால் அந்நாட்டு ஜனத்தொகை வருஷந்தோறும் குறைந்துகொண்டே வந்தது. குஷ்டரோகமும் அவ்வாறு பரவியது. அதற்கு மருந்து கண்டறியப்படாத காலம் அது. எனவே 1865-ல் ஒரு சட்டம் இயற்றினார்கள். ரோகம் கண்டவர்களைப் பிடித்து, மொலோகாய்த் தீவின் வடபுறத்திலுள்ள ஒரு நிலமுனைக்கு அனுப்பிவிடுவது என்பதே அச்சட்டத்தின் சாரம். மூன்று பக்கம் கடல். நான்காம் பக்கத்தில் இரண்டாயிரம் அடி உயரத்துக்குச் செங்குத்தான மலை. இயற்கையே கட்டிவைத்த சிறைச்சாலை அது. 1866 ஜனவரியிலே முதற்கூட்டம் அங்கு இறக்கப்பட்டது. கணவனிடமிருந்து மனைவியும், தாயிடமிருந்து குழந்தையும் பிரிக்கப்பட்டனர். இவர்கள் செய்த குற்றம் யாது? நோயுற்றதொன்றே குற்றம், தண்டனையோ ஆயுள்பரியந்தம்.

1873 மே மாதத்தில் மௌயித் தீவில் ஒரு கோயிற் பிரதிஷ்டைக்காகக் குருமார் கூடியிருந்தபோது, மொலோகாய் ரோகிகள் தங்களுக்கு ஒரு குரு வேண்டுமென்று கேட்டிருப்பதை மேற்றிராணியார் மெக்ரே எடுத்துரைத்தார். மரணத்துக்கு ஒப்பான இவ்வேலைக்கு ஒருவரையும் ஆணையிட்டு அனுப்ப அவருக்கு மனமில்லை. நால்வர் தாமாக முன்வந்தனர். அவர்களுள் முதல்வர் டாமியன். நால்வரும் முறைவைத்துச் சென்று வருவதென்பது ஏற்பாடு. மே 10-ந் தேதி டாமியன் கலவாவோவில் இறங்கினார். அப்போது அவருக்கு வயது முப்பத்துமூன்று. தங்க வீடில்லாமையால், அங்கிருந்த சிறு கோயிலின் பக்கத்தில் நின்ற தாழை மரத்தடியிலேயே சில இரவுகள் படுத்துறங்கினார். இரண்டொரு தினங்களுக்குள், முறைவைத்துக் கொள்ள வேண்டியதில்லை, நானே இங்கு நிலைத்திருக்கிறேன் என்று மேலோருக்கு எழுதிவிட்டார்.

நிற்க, அவர் அங்கே செய்த தொண்டு எத்தன்மையது என்பதைக் கவனிப்போம். பிரசங்கம் செய்வதோடு அவர் நின்றுவிடவில்லை. புண்களைக் கழுவிக் கட்டினார். மலைச்சுனையிலிருந்து குழாய் வைத்துத் தண்ணீர் கொண்டுவரச் செய்தார். ஓலைக் குடிசைகள் இருந்த இடத்தில் பலகை வீடுகளை எழுப்பினார். அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் அமைத்தார். பாட்டுக் குழுவும் வாத்தியக் குழுவும் ஏற்படுத்தினார். இறந்தவர்களுக்குப் பெட்டி செய்து, குழிவெட்டி அடக்கம் செய்தார். இவையனைத்திலும் நடமாடக்கூடிய நோயாளிகளே அவருக்குத் தோள்கொடுத்தார்கள். பலகை வேண்டும், துணி வேண்டும், மருந்து வேண்டும் என்று சுகாதார இலாகாவினருக்கு அவர் ஓயாது எழுதி, அவர்களுடைய சலிப்பையும் சம்பாதித்துக்கொண்டார்.

எல்லாவற்றினும் மேலானது மற்றொன்று. ஹவாய் ஜனங்கள் வீட்டார் அனைவரும் ஒரே கலத்தில் கையிட்டு உண்பது வழக்கம். டாமியன் அவர்களோடு அமர்ந்து அக்கலத்திலேயே உண்டார். தம் சுங்கானையும் அவர்களுக்குக் கொடுத்தார். துர்நாற்றம் பொறுக்கமுடியாமல் ஆரம்பத்தில் தாம் அவதியுற்றதை அவர் மறைக்கவில்லை. ஆயினும் முகத்தைத் திருப்பவுமில்லை. பிரசங்கத்தின்போது அந்நோயாளிகளைத் தம்மினின்று வேறுபட்டவர்களாக அழைக்காமல், குஷ்டரோகிகளாகிய நாம் என்றே சேர்த்துப் பேசினார். அவருக்கு நோய் காணுவதற்குப் பல வருஷங்களுக்கு முன்னரே இவ்வாறு பேசினார் என்பதை நேயர்கள் கவனிக்கவேண்டும்.

அந்த வருஷத்திலேயே சுகாதார இலாகாவினர், டாமியன் அவ்விடத்தை விட்டு வெளியேறலாகாதென்று உத்தரவிட்டார்கள். குருவாயினும் தம் பாவங்களை மற்றொரு குருவிடம் அறிக்கையிடுவது கத்தோலிக்க முறை. அவரைக் காண வந்த மேலதிகாரியைக் கப்பலைவிட்டு இறங்கவோ, டாமியனைக் கப்பலில் ஏறவோ கப்பற்றலைவர் அனுமதிக்கவில்லை. டாமியன் சிறு படகில் நின்றபடி, கப்பலின் மேற்றளத்திலிருந்த மேலதிகாரியை நோக்கிப் பிரெஞ்சு மொழியில் தம் குற்றங்களை உரத்துக் கூறி ஆசி பெற்றார். மானத்தைப் பெரிதாக எண்ணுவோர் எவரும் இதைச் செய்யமாட்டார்.

இவ்வளவுக்கும் பலம் எங்கிருந்து வந்தது? பலிபீடத்தின் முன் தினந்தோறும் முழந்தாளிட்டுச் செய்த ஆராதனையிலிருந்தே என்பது அவர் கொண்டிருந்த நம்பிக்கை. பரிசுத்த ஆவியின் ஏவுதல் என்று கிறிஸ்தவர்கள் கூறுவது உணர்ச்சிப் பெருக்கை அன்று. ஒருவராலும் கட்டளையிடப்படாத வேலையைத் தாமே ஏற்று, ஒருவரும் பாராட்டாத நாட்களிலும் விடாது செய்யும் உறுதியே அதன் அடையாளம்.

1884-ம் வருஷக் கடைசியில் கொதிக்கும் நீரில் கால் பட்டும் அவருக்கு வலி தெரியவில்லை. ரோகம் பற்றிவிட்டதென்பது விளங்கியது. அதன்பின் வேலை குறையவில்லை, மிகுந்தது. 1886-ல் அமெரிக்க உள்நாட்டுப் போரில் சேவைசெய்த ஜோசப் டட்டன் என்பவரும், 1888-ல் மரியான் கோப் அம்மையாரும் அவருடைய சக கன்னியரும் வந்து தொண்டை ஏற்றனர். 1889 ஏப்ரல் 15-ல், நாற்பத்தொன்பதாம் வயதில் டாமியன் உயிர்நீத்தார். தாம் முதன்முதலில் படுத்துறங்கிய அந்தத் தாழையடியிலேயே அடக்கம் செய்யப்பெற்றார்.

அவர் குறையற்றவர் என்று நாம் சொல்லவரவில்லை. பிடிவாதக்காரர், முன்கோபி, மேலோருடன் அடிக்கடி பிணங்கியவர். அவர் இறந்த சில மாதங்களுக்குள் ஹானலூலுவிலிருந்த புராடெஸ்டண்டு பாதிரியார் ஒருவர், அவர் முரடர், அழுக்கர், ஒழுக்கங்கெட்டவர் என்று எழுதினார். மொலோகாயை நேரிற் கண்டு விசாரித்துவந்த ஸ்காட்லாந்து ஆசிரியர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1890-ல் பகிரங்கக் கடிதத்தால் அதை மறுத்தார். ஸ்டீவன்சனும் புராடெஸ்டண்டு மரபினரே. நியாயஸ்தலத்தில் சாட்சியை எடைபோடுவோர் அறிவர்: குற்றஞ்சாட்டியவர் நகரத்தில் சௌகரியமாயிருந்தார், குற்றஞ்சாட்டப்பட்டவர் நோயாளிகளின் நடுவிலிருந்தார். 2009-ல் கத்தோலிக்கத் திருச்சபை டாமியனைப் புனிதராக அறிவித்தது.

ஓர் உண்மையை மறைக்கலாகாது. டாமியனுடைய அன்பு அச்சட்டத்தை மாற்றவில்லை. சுமார் எண்ணாயிரம் பேர் அந்நிலமுனைக்கு அனுப்பப்பட்டனர். 1940-களில் மருந்து கிடைத்த பின்னரும் 1969 வரையில் தனிப்படுத்தும் சட்டம் நீடித்தது. அநீதியான சட்டத்தை மாற்றுவதற்கு அன்பு மட்டும் போதாது. அரசியல் முயற்சியும் வேண்டும். ஆயினும் சட்டம் மாறும் வரையில் அதனடியில் நசுங்குபவர்களோடு இருப்பவர் யார்? அவர்கள் தகுதியுள்ளவர்களா, நன்றியுள்ளவர்களா, நம் மதத்தினரா என்று கேளாமல் அவர்களுடைய கலத்தில் கையிடுபவர் யார்? தேசத்தொண்டு செய்யப் புறப்பட்டிருக்கும் நாம் ஒவ்வொருவரும், இன்றிரவு நம் வீட்டுக் கதவைச் சாத்துமுன், கதவுக்கு வெளியே நிறுத்தியிருப்பவர்கள் எவரென்று ஒருமுறை எண்ணிப் பார்க்கவேண்டும். அவர்களை ‘நாம்’ என்று சொல்ல நா எழுமாயின், தொண்டு அங்கே ஆரம்பமாகிறது.